மாடியில் அடைபட்ட சாம்பிள் ஜோடி

எனக்குக் கொரோனா என்று தெரிந்த காலையில் எங்கள் தெரு பயந்துபோனது உண்மைதான். ஆனால் என்னை நினைத்துப் பயப்படவில்லை. என்னிடம் மாட்டிக்கொண்ட ஒரு ஜோடி ஷூவை நினைத்துத்தான் பயந்தார்கள்.

போன கோடையில் நடந்தது. எல்லாரும் மறந்தே போயிருந்த கொரோனா மறுபடி அங்கங்கே தலைகாட்டுகிறது என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்த நேரம்.

ஆம்பூரில் எங்கள் தெருப் பெண்கள் பலரும் கம்பெனிக்குப் போகாமலே ஷூ தைக்கிறவர்கள். கம்பெனியில் தோலை வெட்டி, ஓரத்தில் துளை போட்டு, கட்டுக் கட்டாக அனுப்புவார்கள். பாதத்தை மேலே மூடுகிற துண்டையும் சுற்றி வருகிற துண்டையும் மெழுகு நூலால் கையால் சேர்த்துத் தைப்பது எங்கள் வேலை. இரண்டு ஊசி, ஒரு நூல். அடியும் குதிகாலும் கம்பெனியில் போட்டுக்கொள்வார்கள்.

கட்டுகளை வாங்கி வந்து வீட்டுக்கு வீடு பிரித்துக் கொடுப்பவர் எங்கள் எதிர்வீட்டு ஆபா. ஆபா என்றால் உருதுவில் அக்கா. தெருவில் உருது பேசுகிறவர்கள், பேசாதவர்கள் எல்லாருக்குமே அவர் ஆபாதான். ஒவ்வொரு ஆர்டர் வரும்போதும் கம்பெனியிலிருந்து சரியாகத் தைத்த ஒரு ஜோடி வரும். அதுதான் சாம்பிள். ஆபா அதைத் தன் வீட்டுக் கூடத்தில் ஓர் ஆணியில் மாட்டுவார். முதல் தையல் போடும் முன் எல்லாரும் போய் அதைத் தொட்டுத் திருப்பிப் பார்க்க வேண்டும். நடுவில் சந்தேகம் வந்தாலும் தைக்கிறதைக் கையில் தூக்கிக்கொண்டு அங்கேதான் போக வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி தைத்ததைப் பார்த்துத் தைக்கக் கூடாது.

"என் தையலைப் பார்த்துகூடத் தைக்காதே. போய் ஆணியைக் கேட்டுட்டு வா" என்பார் ஆபா.

எனக்கு அந்தக் கூடத்தில் ஒரு சிரமம். நான் கூட்டத்தில் வாய் திறக்க மாட்டேன். அஞ்சாங்கிளாஸில் வாத்தியார் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் தலையைக் குனிந்துகொள்வேன். அந்தக் குனிந்த தலை இந்த வயசிலும் நிமிரவில்லை. எல்லாரும் சாம்பிளைச் சுற்றிக் கசமுசா என்று பேசும்போது நான் சுவரோரம் நிற்பேன். ஆபாவுக்கு இது தெரியும். புது மாடல் வந்தால், மற்றவர்கள் பார்த்து முடித்ததும், சாம்பிளை ஒரு சாயங்காலம் என்னிடம் கொடுத்து அனுப்பிவிடுவார்.

அந்தத் தடவையும் அப்படித்தான் கொண்டு வந்தேன். கறுப்புத் தோல், கறுப்பு நூல். ஷூவின் நடு மூக்கில் நூல் ஒரே துளைக்குள் இரண்டு முறை போயிருந்தது. கம்பெனியில் பாத வடிவக் கட்டையில் மாட்டி இழுக்கும்போது மூக்குதான் முதலில் பிய்யும், அதற்காக அந்த இரட்டைத் தையல். முடிச்சு உள்பக்கமாக வலது ஓரத்தில் ஒளிந்திருந்தது. விரலால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டேன். விடிந்து எழுந்தால் உடம்பெல்லாம் வலி, தொண்டையில் முள்.

எங்கள் மாடியில் இரண்டு அறை. ஒன்றில் குடியிருப்பவள் காவேரிப்பாக்கத்துப் பெண். வேலூரில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை. தினமும் பஸ்ஸில் போய் வருவாள். திரும்பி வரும்போது பள்ளிகொண்டாவில் கண் சொருகிவிடும் என்பாள். "சாமியே அங்க படுத்துத்தான் இருக்காரு, நான் தூங்கினா இன்னாம்மா?" என்று சிரிப்பாள். அவள்தான் வந்து என் மூக்குக்குள் குச்சியை விட்டாள். நான் அவள் கண்ணாடிமேலேயே தும்மினேன். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "வந்திருந்தா இப்ப எனக்கும் வந்தாச்சு" என்றாள்.

வந்திருந்தது. எனக்கு மட்டும். கீழே மகனும் மருமகளும் கைக்குழந்தையும் இருப்பதால் என்னை மாடியில் இன்னோர் அறைக்கு மாற்றினார்கள். என் துணியோடு, போர்வையோடு, அந்தச் சாம்பிளும் மேலே வந்துவிட்டது.

ஆபா தெருவில் நின்று அண்ணாந்து கேட்டார். "தங்கச்சி! உடம்பு இன்னா பண்ணுது?"

"பரவால்ல ஆபா."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன் ஆபா."

"சாம்பிள் எங்க?"

"இங்கதான்."

"யா அல்லாஹ்! யாரும் அதைத் தொடாதீங்க!"

லேப் பெண் மொட்டைமாடிச் சுவரோரம் வந்து, "ஆபா, தோல்மேல கிருமி ரொம்ப நேரம் தாக்குப் பிடிக்காது. அது மூச்சுலதான் ஜாஸ்தி பரவும். துடைச்சுட்டு எடுத்துக்கலாம்" என்றாள்.

"நீ படிச்ச பொண்ணு, உனக்குத் தெரியும். நீ படிச்சவன்னு கிருமிக்குத் தெரியுமா?" என்றார் ஆபா. தெருவே சிரித்தது. சிரித்தவர்களில் ஒருத்திகூடச் சாம்பிளை வாங்கிக்கொள்ள முன்வரவில்லை.

அப்படியாக அது என்னோடு அடைபட்டது. ஜன்னல் கம்பியில் மாட்டி வைத்தேன். காலை வெயில் அதன்மேல் விழும், அப்புறம் என்மேல் விழும்.

லேப் பெண் வேலை முடிந்து வந்ததும் வாயில் மாஸ்க்கோடு மொட்டைமாடியில் நாற்காலி போட்டு உட்காருவாள். என் கதவு சாத்தியிருக்கும். கதவுக்கு வெளியே அவள் குரல், உள்ளே நான். முகம் பார்த்திருந்தால் ஒரு கேள்வியும் கேட்டிருக்க மாட்டேன். சாத்திய கதவுக்கு இவ்வளவு உபகாரம் உண்டு என்று எனக்கு அதுவரை தெரியாது.

"ஏம்மா" என்று ஆரம்பித்தேன். "ஊசியும் போட்டாச்சு. முன்னே ஒரு தடவை வந்தும் போச்சு. மறுபடி எப்படி வந்துச்சு?"

"ஜாக்கெட்டுக்குப் பிரஸ் பட்டன் தைச்சிருக்கீங்களா?"

"தைச்சிருக்கேன்."

"அது மாதிரி நெனச்சுக்கோங்க. கிருமி ஒரு குட்டி உருண்டை. அதைச் சுத்தி முளை முளையா நிக்கும். அந்த முளை ஒரு புரதம். நம்ம தொண்டையில, மூக்குல இருக்கிற செல்லுங்கமேல அதுக்குப் பொருந்துற மாதிரி குழி இருக்கு. முளை குழியில உக்காந்தா டிக். உள்ள போக வழி கெடைச்சிடும்."

"நம்ம உடம்புல அதுக்கு எதுக்குக் குழி?"

"அதுக்காக இல்லம்மா. ரத்த அழுத்தத்தைச் சரியா வெச்சிக்க நமக்குத் தேவைப்படுற சாமான் அது. கிருமியோட முளை தற்செயலா அதுல பொருந்துது."

"புரதம்னா பருப்புல இருக்கிறதா?"

"அதே சாதிதான். மணி கோத்த சரம் மாதிரி. இருபது தினுசு மணி இருக்கு. எதுக்குப் பக்கத்துல எது வருதோ, அதுக்குத் தக்கன அந்தச் சரம் சுருண்டு மடங்கி ஒரு வடிவத்துக்கு வந்துடும். ஒண்ணு கொக்கி ஆகும். ஒண்ணு கத்திரி ஆகும். நடுவுல ஒரு மணி மாறினாகூட வடிவம் லேசா மாறலாம்."

எனக்கு அது பிடித்துப்போனது. கறிவேப்பிலை போல ஒதுக்கி வைத்திருந்த சங்கதி, மணியும் கொக்கியும் கத்திரியுமாக வந்தால் கேட்க ஆசையாக இருக்கிறது. மறுநாள் அவள் வருகிற நேரம் பார்த்து நானே கதவருகில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

உள்ளே போன கிருமிக்குச் சொந்தமாகப் பட்டறை கிடையாதாம். அதன் வயிற்றில் ஒரு நீள நூல் இருக்கிறது. எந்தெந்தப் புரதம் செய்ய வேண்டும் என்பது முழுக்க அந்த நூலில் எழுதியிருக்கிறதாம். நம் செல்லில் எந்நேரமும் புரதம் செய்துகொண்டிருக்கிற பட்டறை, இது யாருடைய ஆர்டர் என்று கேட்காமல் அதையும் செய்து கொடுத்துவிடுகிறது. முதலில் நீளப் பட்டையாக ஒரு புரதம் வருகிறது. அந்தப் பட்டைக்குள்ளேயே ஒரு கத்திரிப் புரதம் இருந்து, பட்டையைத் துண்டு துண்டாக வெட்டுகிறது.

"கம்பெனியில கட்டிங் செக்‌ஷன் மாதிரி" என்றேன்.

"அதேதான்! அந்தக் கத்திரியை மழுங்கடிக்கிற மாத்திரைகூட இருக்கு. வெட்டின துண்டுல ஒண்ணு நூலைக் காப்பி எடுக்கும். அப்புறம் மேல்தோலுக்கு ஒரு புரதம் வரும். நூலைச் சுருட்டி உள்ள வெக்கிறதுக்கு ஒண்ணு, முளைக்கு ஒண்ணு. எல்லாம் சேர்ந்தா புது உருண்டை ரெடி. வெளிய போயி அடுத்த ஆளைப் பாக்கும்."

"காப்பி சரியா எடுத்துச்சான்னு பாக்க ஆள் இல்லையா?"

"இருக்கே. காப்பியைச் செக் பண்ற புரதமும் இதுல உண்டு. ஃப்ளூ கிருமிக்கு அந்த வசதி கிடையாது."

"நம்ம கம்பெனி மாதிரி செக்கிங் சார்கூட வெச்சிருக்குதா!" என்று நான் சத்தமாகவே சிரித்துவிட்டேன். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

இருமல் அடங்கும்வரை காத்திருந்து அவள் என் முதல் கேள்விக்கு வந்தாள். ஊசியும் பழைய காய்ச்சலும் சேர்ந்து என் உடம்புக்கு அந்த முளையின் நுனியை அடையாளம் காட்டி வைத்திருந்தன. முளை குழியில் உட்காராதபடி மூடி போடுவதற்கு உடம்பு ஆள் வைத்திருந்தது. இப்போது வந்த கிருமியில் நுனி அங்கங்கே மாறியிருக்கிறது, மூடி வழுக்குகிறது. ஆனால் உடம்பில் வேறு காவலும் உண்டு. அது கிருமியின் உள்துண்டுகளைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கும். "அந்தக் காவல் வேலை செய்யுது. அதான் உங்களுக்கு ரசம் சாதம் இறங்குது" என்றாள்.

என் கிருமியின் நூலையும் அவர்கள் லேபில் படித்தார்களாம். முன்பு வந்ததன் பேத்திக்குப் பேத்தி என்று சொல்லி ஒரு பெயர் சொன்னாள். எழுத்தும் எண்ணுமாக லாரி நம்பர் பிளேட் மாதிரி இருந்தது.

"பலே திருட்டுக் கழுதை" என்றேன். "தன் சட்டையைப் போலீஸ் அடையாளம் வெச்சுக்கிட்டான்னு தெரிஞ்சதும் வேற சட்டை மாத்திக்கிச்சு பாரு."

"இல்லம்மா. அதுக்கு மூளையே கிடையாது. அது யோசிச்சு மாத்திக்கல. காப்பி எடுக்கிறப்போ தப்பு விழுது, அவ்வளவுதான்."

இது மட்டும் எனக்கு ஒட்டவில்லை. தப்பு விழுந்தால் கெட்டுப்போகத்தானே வேண்டும்? தப்பாகத் தைத்த ஷூ எங்கேயாவது நல்ல ஷூவாகுமா? அவளிடம் எதிர்த்துப் பேச மனம் வரவில்லை. "ம்" என்று சொல்லிவிட்டேன்.

காய்ச்சல் விட்டதும் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. எனக்கும் ஒரு கட்டு அனுப்பச் சொல்லி ஆபாவிடம் சொல்லியனுப்பினேன். மொட்டைமாடியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கினேன். ஆபா கட்டைப் போட்டு, அதன்மேல் தைத்து முடித்த ஒரு ஜோடியையும் வைத்தார்.

"இது நான் தைச்சது. இதைப் பார்த்துத் தை. அந்தச் சாம்பிளைத் தொடாதே."

"நான்தான் தெனம் அதுகூடவே இருக்கேனே ஆபா!"

"அதுக்குத்தான் சொல்றேன். உன் கிருமி அதுகிட்ட போயி, அதுகிட்டேருந்து மறுபடி உன்கிட்ட வரும்."

கூடையை மேலே இழுத்து, ஆபாவின் ஜோடியை ஜன்னலில் தொங்கிய சாம்பிளுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முடிச்சு இடது ஓரத்தில் இருந்தது. நடு மூக்கைத் தடவினேன். ஒற்றைத் தையல். இன்னொரு தடவை தடவினேன். ஒற்றைதான்.

ஆபாவே இப்படித் தைத்திருக்கிறார் என்றால் தெருவில் எத்தனை வீடு இதைப் பார்த்துத் தைத்ததோ. கட்டையில் மாட்டி இழுத்தால் அத்தனை மூக்கும் பிய்யும். இந்த லாட் மொத்தமும் கம்பெனியிலிருந்து திரும்பி வந்தால் அடுத்த லாட் ரயில்வே லைனுக்கு அந்தப்பக்கத் தெருவுக்குப் போய்விடும். அவர்கள் எப்போது எப்போது என்று காத்துக்கொண்டிருந்தார்கள். போன வேலை திரும்பி வராது. பிள்ளையைத் தூங்க வைத்துவிட்டு, வாசலைத் தாண்டாமல் செய்யலாம் என்று எங்களுக்கு இருப்பது இந்த ஒரு வேலைதான்.

போன் போட்டேன். ஆபா எடுக்கவில்லை. கீழே மருமகளும் கடைக்குப் போயிருந்தாள். திங்கட்கிழமை தைத்ததை எடுத்துப்போகக் கம்பெனி வண்டி வந்துவிடும். நான் மொட்டைமாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, மாஸ்க்கை இறக்கிவிட்டு, என் வாழ்நாளில் போடாத சத்தம் போட்டேன்.

"ஆபா! மூக்குல ஒத்தை! எல்லாரும் நிறுத்துங்க! தைக்காதீங்க!"

ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் எட்டிப் பார்த்தன. பால்காரர் வண்டியை நிறுத்தினார். எனக்குக் காய்ச்சல் தலைக்கேறிவிட்டது என்றுதான் பலர் நினைத்தார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்த லேப் பெண், வெள்ளைப் புடவை மாற்றக்கூட நேரமில்லாமல், எங்கள் மொட்டைமாடியில் பாயை விரித்தாள். காற்றோட்டமான இடம், எல்லாரும் மாஸ்க் போட்டால் போதும் என்று அவள்தான் ஆபாவைச் சம்மதிக்க வைத்தாள். தெருப் பெண்கள் ஆளுக்கு ஒரு மூட்டையோடு ஏறி வந்தார்கள். நான் என் அறை வாசலில் தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.

வந்ததும் வராததுமாகப் பழி மூலை வீட்டு மருமகள்மேல் விழுந்தது. அந்தப் பெண்ணுக்கு இடக்கை. எதிர்ப்பக்கத்திலிருந்து தைத்து வருவாள், அதனால் முடிச்சு இடது ஓரத்தில் வந்து நிற்கும். ஆணிக்குப் போகும்போதெல்லாம் ஆபா அவளை அவிழ்த்து மாற்றச் சொல்வார். இந்தத் தடவை ஆணியில்தான் சாம்பிள் இல்லையே. தையல் சுத்தமாக இருக்கும் என்று அவள் ஜோடியைத்தான் ஆபா வாங்கிப் பார்த்துத் தைத்திருக்கிறார்.

"இந்தப் பீச்சாங்கைக்காரியால தெருவே போச்சு" என்றாள் அவள் மாமியார்.

"இருங்க, இருங்க" என்றாள் லேப் பெண். "யாரைத் திட்டறதுன்னு அப்புறம் பாக்கலாம். எதைப் பிரிக்கணும், எதைப் பிரிக்க வேணாம்னு தெரியணும். எல்லாத்தையும் பிரிச்சா நாளைக்கு முடியாது. முடிச்சு வலது, இடதுன்னு முதல்ல ரெண்டு குவியலா வைங்க."

வைத்தார்கள். சாம்பிள் ஆணியில் இருந்தபோதே தைத்து முடித்த சில ஜோடிகள் மட்டும் வலது. அவற்றில் மூக்கு இரட்டை. மற்றதெல்லாம் இடது.

"இப்ப இடதுல, மூக்கு ரெட்டை எது, ஒத்தை எதுன்னு பாருங்க."

மூலை வீட்டு மருமகள் தைத்த அத்தனையும் இரட்டை. ஒன்றுகூடத் தவறவில்லை. அவள் மாமியார் இருமினாள், அது கொரோனா இருமல் இல்லை. ஒற்றை மூக்குள்ள ஒவ்வொரு ஜோடியிலும் இடது முடிச்சு இருந்தது. ஆனால் இடது முடிச்சுள்ள எல்லாவற்றிலும் ஒற்றை மூக்கு இல்லை.

"அப்போ முடிச்சு மாறினது முதல்ல. மூக்குத் தையல் விட்டுப்போனது அதுக்கப்புறம், வேற வீட்டுல. யாரு வீட்டுக் கட்டுல ரெண்டும் இருக்கு?"

எல்லாரும் தங்கள் தங்கள் மூட்டையைப் பார்த்தார்கள். ஆபாவின் மூட்டையில் அடியிலிருந்த ஜோடிகள் இரட்டை. மேலே இருந்தவை ஒற்றை. நடுவில் எங்கேயோ ஒரு சாயங்காலம் மாறியிருக்கிறது. ஆபாவுக்கு ஒரு கண்ணில் புரை. கறுப்புத் தோலில் கறுப்பு நூலை, மெழுகும் சேர்ந்துகொள்ள, இரட்டையை ஒற்றை என்று பார்த்துவிட்டார்.

ஆபா தன் ஜோடியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"அப்ப நான்தான் கொரோனாவா?"

"இல்ல ஆபா. நீங்க வேரியன்ட்டு" என்றாள் லேப் பெண்.

முதலில் சிரித்தது ஆபாதான். அதற்கப்புறம்தான் நாங்கள் சிரித்தோம்.

எதிர்வரிசையில் ஒரு வீட்டுக்குப் பார்த்துத் தைக்க இரண்டு ஜோடியுமே போயிருந்தது. மூலை வீட்டுடையதும் ஆபாவுடையதும். "ரெண்டும் இருந்துச்சே, நீ ஏன் ஆபாவோடதைப் பார்த்துத் தைச்சே?" என்று யாரோ கேட்டார்கள்.

"அது சீக்கிரம் முடியுதே" என்றாள் அவள்.

லேப் பெண் கையைத் தட்டினாள். "அம்மா, கேட்டீங்களா? இதேதான்!" என்று என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு அன்னிக்கு நான் சொன்னது பிடிக்கல, ம்னுட்டீங்க. இப்ப பாருங்க. தெருவுல எவ்வளவு தப்பு விழுந்திருக்கு! இதோ இந்த வீட்டுல ஒரு துளையை விட்டுட்டுத் தைச்சாங்க, ஷூ கோணிக்கிச்சு. அதை யாராவது பார்த்துத் தைச்சாங்களா? இல்ல. அந்தத் தப்பு அந்த வீட்டோட நின்னுபோச்சு. கிருமியிலயும் ஜாஸ்தித் தப்பு அப்படித்தான், அங்கயே செத்துடும். முடிச்சு இடது பக்கம் போனதுல லாபமும் இல்ல, நஷ்டமும் இல்ல. சும்மா கூடவே வந்துக்கிட்டு இருக்கு. மூக்குல ஒத்தை மட்டும் சீக்கிரம் முடியுது. அதனால அதைத் தைச்ச வீட்டுல ஜோடி ஜாஸ்தி, அடுத்த வீட்டுக்கும் அதுவே போகுது. யாராவது திட்டம் போட்டீங்களா?"

"திட்டம் போடற மூஞ்சியா இதெல்லாம்?" என்றார் ஆபா.

எனக்கு அப்போதுதான் உள்ளே ஏதோ டிக் என்று உட்கார்ந்தது. கிருமி சட்டை மாற்றவில்லை. கணக்கில்லாத காப்பிகளில் கணக்கில்லாத தப்புகள். அதில் வேகமாகப் பரவுகிறதும் நம் மூடிக்கு வழுக்குகிறதும் மட்டும் மிஞ்சி நிற்கின்றன. மிஞ்சியதைப் பார்த்துவிட்டு, திருடன் என்று நாம் பெயர் வைக்கிறோம்.

கடைசி வீட்டுக்காரி ஒருத்தி தன் மூட்டையைப் பிரிக்கவே தயங்கினாள். அவளுக்கு இடுப்பு வலி, இத்தனை நாளும் யாரிடமும் காட்டாமல் தனியாகவே தைத்துக்கொண்டிருந்தவள். அதில் ஒன்றைப் போல ஒன்று இல்லை, விதவிதமான கோளாறு. "எதிர்ப்புச் சக்தி குறைஞ்சவங்க உடம்புல கிருமி மாசக்கணக்கா தங்கிடும். அங்க இப்படித்தான் தப்புமேல தப்பு சேரும். சில பெரிய வேரியன்ட்டு அப்படித்தான் வந்திருக்கும்னு நினைக்கிறாங்க" என்றாள் லேப் பெண். இன்னொருத்தி அவசரத்தில் ஒரு வீட்டு இடதுகாலையும் வேறு வீட்டு வலதுகாலையும் ஒரே ஜோடியாகக் கட்டி வைத்திருந்தாள். "இதுவும் நடக்கும்! ஒரே ஆளுக்கு ரெண்டு தினுசு கிருமி ஒண்ணா வந்தா நூல் கலந்துக்கும்" என்று அவள் ஆரம்பிக்க, ஆபா கையெடுத்துக் கும்பிட்டார். "போதும் தாயே. பாடம் அப்புறம். பேஜாரா இருக்கு, வேலையைப் பாப்போம்."

ஒற்றை மூக்குள்ளவற்றை மட்டும் எடுத்தோம். முடிச்சை அவிழ்த்து மூக்கு வரை பின்னால் வந்து, இரட்டை போட்டு மறுபடி தைத்துக்கொண்டு போனால் போதும். பாதித் தையல் மிஞ்சியது. இம்முறை சாம்பிளை மொட்டைமாடிக் கொடியில் கட்டித் தொங்கவிட்டார்கள். எல்லாரும் எழுந்து எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். வலக்கைக்காரர்கள் தையல் எப்படியும் வலது ஓரத்தில்தான் முடியும், முடிச்சுக்காக மட்டும் நூலை உள்ளே இடது பக்கம் இழுத்திருந்தார்கள்; அதனால் முடிச்சும் வலது பக்கம் வந்தது. மூலை வீட்டு மருமகளின் ஜோடிகளையும் தன் மூட்டையின் அடி ஜோடிகளையும் என்ன செய்வது என்று மட்டும் ஆபா யோசித்தார். மூக்கு சரி, முடிச்சுதான் இடது. பிரிக்க நேரமில்லை.

"லைனிங்குக்குள்ள போற முடிச்சு. யாரு பாக்கப் போறாங்க. இன்ஷா அல்லாஹ்" என்று கட்டி வைத்தார். ஆனால் அவர் முகம் தெளியவில்லை.

திங்கட்கிழமை வண்டியோடு செக்கிங் சாரும் வந்தார். நான் மேலே ஜன்னலில். அவர் ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒன்றை உருவி, மூக்கில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தார். ஒவ்வொரு தடவை அவர் அழுத்தும்போதும் ஆபா கண்ணை மூடிக்கொண்டார். மூலை வீட்டுக் கட்டும் வந்தது. அழுத்தினார். திருப்பினார். தையல் வரிசையை விரலால் நீவினார். வைத்தார். கடைசிக் கட்டும் வண்டியில் ஏறியது.

"சரிம்மா, ஓகே. சாம்பிளைக் கொடுங்க" என்றார்.

ஆபா கொடுத்தார். இத்தனை நாள் என் ஜன்னலில் வெயில் குடித்ததில் அது ஒரு பக்கம் கறுப்பும் ஒரு பக்கம் எருமைத்தோல் நிறமுமாக வெளுத்திருந்தது.

"இன்னாம்மா இது, இப்படி வெளுத்துக் கெடக்கு?"

"அதுக்கும் கொரோனா சார்" என்றார் ஆபா.

அவர் சிரித்துவிட்டார். "இதை மறுபடி சாம்பிளா வெக்க முடியாது. இந்த மாடல்ல இன்னும் ஆர்டர் இருக்கு. உங்க லாட்லயே நல்லதா ஒண்ணு எடுத்து வெச்சுக்கிறேன்" என்று சொல்லி, வண்டிக்குள் கைவிட்டு ஒரு ஜோடியை எடுத்துத் தனியாகப் பையில் போட்டுக்கொண்டார். ஆர்டர் இன்னும் இருக்கு என்ற சொல்லைக் கேட்டதும் ஆபா அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். வண்டி திரும்பிய பிறகு என் ஜன்னலைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

அடுத்த கட்டு வந்தபோது நான் நன்றாகத் தேறி, கீழே இறங்கி, ஆபாவின் கூடத்தில் பழையபடி சுவரோரம் நின்றேன். புதுச் சாம்பிள் பையில் வந்திருந்தது. ஆபா அதை ஆணியில் மாட்டினார். மாட்டிய கை அப்படியே நின்றது. மறுபடி கழற்றி உள்ளே விரலை விட்டுத் தடவினார்.

"அரே! முடிச்சு இடது!"

மூலை வீட்டு மருமகள் தைத்த ஜோடி அது. தையல் வரிசை சுத்தமாக இருந்ததால் செக்கிங் சார் கையில் அதுதான் அகப்பட்டிருக்கிறது. இனி அதுதான் அசல். நாங்கள் அத்தனை பேரும் முடிச்சை இடது பக்கம் கொண்டு வந்தாக வேண்டும். போன தடவை மாதிரி நூலை இழுத்து ஒப்பேற்ற முடியாது, சாம்பிள் போல எதிர்ப்பக்கத்திலிருந்தே தைத்து வர வேண்டும்; எங்கள் வலக்கைக்கு அது எப்படி என்றே பிடிபடவில்லை. நூல் முறுக்கிக்கொண்டது, ஊசி விரலில் ஏறியது. ஆபா கோபத்தில் உருதுவிலேயே ஏதோ திட்டினார்.

"ஏண்டி, பாத்துக்கிட்டே நிக்கிற? வந்து காட்டேன்" என்று அவள் மாமியாரே கூப்பிட்டாள்.

அந்தப் பெண் நடுவில் வந்து உட்கார்ந்து, சிரிப்பை அடக்க முடியாமல், இடது கையில் ஊசியை எடுத்தாள். அவள் கை வேகமாகப் போனது. எல்லாரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள், யாருக்கும் புரியவில்லை, கேட்கவும் ரோஷம் விடவில்லை.

"கொஞ்சம் நிறுத்தும்மா" என்று ஒரு குரல் கேட்டது. "மூக்குக்கு அப்புறம் எந்த ஊசி முதல்ல போவுது? இன்னொரு தடவை மெல்லக் காட்டு."

எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்த பிறகுதான், கேட்டது நான் என்று எனக்கே தெரிந்தது.